புதிதாக அசெம்பிள் செய்த சிஸ்டத்தில் வயர்லெஸ் கீபோர்டு, மவுஸ்: நம் கடலோரத்துக்கான முழுமையான வழிகாட்டி

மதர்போர்டு, பிராசசர், ரேம் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. மேசை பளிச்சென்று இருக்கட்டும் என்று வயர்லெஸ் காம்போ ஒன்றும் ஆர்டர் போட்டாயிற்று. வயர் வைத்த கீபோர்டு வீட்டில் ஒன்றுகூட இல்லை. பழையது எப்போதோ காயலாங்கடைக்குப் போய்விட்டது. தொண்டி, தேவிப்பட்டினம், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, சாயல்குடி என்று ராமநாதபுரம் கடற்கரை நெடுக, சிஸ்டம் சேர்க்கிற பிள்ளைகளின் நிலைமை இப்போது பெரும்பாலும் இதுதான். பாகங்கள் மதுரையிலிருந்தோ சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ ஆன்லைனிலோ வருகின்றன. எல்லாவற்றையும் பூட்டி, பவர் பட்டனை அழுத்தி, திரையில் ஏதோ ஒரு கீயை அழுத்தச் சொல்லும்போதுதான் கையில் இருக்கும் கீபோர்டை போர்டு கண்டுகொள்ளவே இல்லை என்று தெரிகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாலிநோக்கத்திலோ ஏர்வாடியிலோ கீபோர்டுக்கு எந்தக் கடையைத் தேடுவது?

வயர்லெஸ்ஸை மட்டும் வைத்தே புது சிஸ்டத்தை முதல் பூட்டிலிருந்து கடைசி டிரைவர் வரை கொண்டுபோய்விடலாம். எந்த வகை வயர்லெஸ் என்பது தெரிய வேண்டும், அதை எங்கே சொருகுவது என்பது தெரிய வேண்டும், எந்த வேலையை எதற்கு முன் செய்வது என்பது தெரிய வேண்டும். நம் ஊருக்கு மட்டும் கூடுதலாக உப்புக்காற்று ஒன்று இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

டாங்கிள் வேறு, ப்ளூடூத் வேறு

கடையில் இரண்டுக்கும் ‘வயர்லெஸ்’ என்றுதான் பெயர். இரண்டும் ஓடுவது ஏறத்தாழ ஒரே அலைவரிசையில், அதாவது 2.4 ஜிகாஹெர்ட்ஸில். ஆனால் புது சிஸ்டத்தைப் பொறுத்தவரை இவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் பெரியது.

டாங்கிள் வகையில், ரேடியோ வேலை எல்லாம் அந்தச் சின்ன யூஎஸ்பி துண்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கீபோர்டும் டாங்கிளும் கம்பெனியிலேயே ஒன்றோடொன்று ஜோடி சேர்க்கப்பட்டு வருகின்றன. டாங்கிள் தன்னை கம்ப்யூட்டரிடம் ‘நான் ஒரு யூஎஸ்பி கீபோர்டு, நான் ஒரு யூஎஸ்பி மவுஸ்’ என்று மட்டும்தான் சொல்லிக்கொள்கிறது. அதற்குப் பின்னால் வயர் இருக்கிறதா காற்று இருக்கிறதா என்பது மதர்போர்டுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் விண்டோஸ், லினக்ஸ் போன்ற ஓஎஸ் எதுவும் இல்லாத வெறும் போர்டிலும், போர்டுக்குள்ளேயே இருக்கும் அமைப்புத் திரையான பயாஸிலும், விண்டோஸ் இன்ஸ்டால் திரையிலும் டாங்கிள் கீபோர்டு வேலை செய்கிறது.

ப்ளூடூத் கதை வேறு. முதலில் ப்ளூடூத் சிப் ஒன்று வேண்டும், அதற்கு ஃபர்ம்வேர் ஏற வேண்டும், டிரைவர் வேண்டும். அப்புறம் ஜோடி சேர்க்கும்போது உருவாகும் ரகசிய எண்ணை ஓஎஸ் எங்காவது சேமித்து வைக்க வேண்டும். இவ்வளவும் நடப்பது ஓஎஸ் ஏறிய பிறகுதான். ஆப்பிள் மேக் போன்ற சிலவற்றில் ஓஎஸ் ஏறுவதற்கு முன்பே ப்ளூடூத் கீபோர்டு எடுக்கும். நாம் வாங்கிச் சேர்க்கிற டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் பெரும்பாலானவற்றின் பயாஸுக்கு ப்ளூடூத் என்றால் என்னவென்றே தெரியாது. போர்டு பெட்டியின் மேல் ‘ப்ளூடூத் உண்டு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், அது விண்டோஸ் ஏறிய பிறகு கிடைக்கும் வசதி.

எனக்கு வரும் போன்களில் பாதி இந்த ஒரு விஷயத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன. கீழக்கரைப் பையன் ஒருவன் இப்படித்தான் கூப்பிட்டான் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்): “காக்கா, ஸ்கிரீன்ல ஒய் (Y) இல்லாட்டி என் (N) அமுக்கச் சொல்லுது. அமுக்குனா ஒண்ணுமே ஆகல.”

“கீபோர்டுக்கு டாங்கிள் வந்துச்சா தம்பி?”

“டாங்கிள்லாம் ஒண்ணும் வரல காக்கா. போன்ல கனெக்ட் பண்ணுனா நல்லா அடிக்குதே.”

அந்தக் கீபோர்டில் பழுது எதுவும் இல்லை. போனில் ஆண்ட்ராய்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் எடுக்கிறது. வெறும் போர்டில் அதன் பேச்சைக் கேட்க ஆள் இல்லை. பக்கத்துத் தெரு நெட் சென்டரில் ஒரு வயர் கீபோர்டு இரவல் வாங்கியதும் அவன் வேலை நகர்ந்தது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பெட்டிக்குள் டாங்கிள் வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். லாஜிடெக் எம்கே270 போன்ற காம்போக்களில் டாங்கிள் வரும். கே400 பிளஸ் மாதிரி டச்பேடு வைத்த கீபோர்டிலும் வரும். கே380 ப்ளூடூத்தில் மட்டும் ஓடுவது. போன், டேப்லெட்டுக்கு அருமையானது, புது சிஸ்டத்தின் முதல் நாளுக்கு உதவாது. சில மவுஸ்களிலும் கீபோர்டுகளிலும் இரண்டு வழியும் இருக்கும். அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் அல்லது பட்டன் வைத்து மாற்றிக்கொள்ளலாம். வாங்கினால் இந்த வகையை வாங்குங்கள் என்பதே என் யோசனை. முதல் நாள் டாங்கிளில் வேலையை முடித்துவிட்டு, பிறகு வேண்டுமானால் ப்ளூடூத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

துபாய், சவுதியிலிருந்து மாமாவோ மச்சானோ கொண்டுவந்த கீபோர்டு நம் பக்கத்து வீடுகளில் நிறைய உண்டு. கீகளின் மேல் அரபி எழுத்தும் சேர்ந்து இருக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஆங்கில எழுத்துகள் அதனதன் இடத்தில் அப்படியே வேலை செய்யும். கவலைப்பட வேண்டியது டாங்கிளைப் பற்றித்தான். பயணத்தில் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு கீபோர்டை மட்டும் கொண்டுவந்திருப்பார்கள். மவுஸின் செல் போடும் மூடியைத் திறந்து பாருங்கள், டாங்கிளைச் செருகி வைக்க அங்கே ஒரு குழி இருக்கும். கீபோர்டிலும் செல் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கலாம். அங்கேயும் இல்லை என்றால் அந்தக் கீபோர்டு பெரும்பாலும் வீண்தான். ஏனென்றால் வேறு டாங்கிளை வாங்கி ஜோடி சேர்ப்பது எல்லா மாடலிலும் நடக்காது. லாஜிடெக்கின் யூனிஃபையிங், போல்ட் என்ற இரண்டு வகைகளில் மட்டும் தைரியமாகச் செய்யலாம். யூனிஃபையிங் 2009-இல் வந்தது, போல்ட் 2021-இல். இரண்டிலும் ஒரே டாங்கிளில் ஆறு கருவிகள் வரை சேர்க்கலாம். ஆனால் யூனிஃபையிங் கீபோர்டு போல்ட் டாங்கிளோடு பேசாது, அதற்கு நேர்மாறாகவும் அப்படியே. டாங்கிளின் மேல் அச்சடித்திருக்கும் குறியைப் பார்த்து வாங்குங்கள்.

இ-சேவை மையம், நெட் சென்டர், மீன் ஏற்றுமதி ஆபீஸ் என்று அடுத்தவர் ஆதார் எண்ணையும் வங்கி பாஸ்வேர்டையும் தட்டுகிற இடத்துக்கு சிஸ்டம் சேர்க்கிறீர்கள் என்றால் பெயர் தெரியாத மலிவுக் காம்போ வேண்டவே வேண்டாம். பல மலிவு டாங்கிள் கீபோர்டுகள் அழுத்தும் எழுத்துகளைக் குறியாக்கம் செய்யாமல் அப்படியே காற்றில் அனுப்புகின்றன என்று 2016-இல் பாஸ்டில் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். கட்டடத்துக்கு வெளியே இருப்பவர்கூட அதைப் பிடித்துப் படிக்க முடியும். அந்த மாதிரி மேசைக்கு குறியாக்கம் உள்ள நல்ல கீபோர்டை வாங்குங்கள். இல்லாவிட்டால் வயர் கீபோர்டே போதும். மவுஸ் மட்டும் வயர்லெஸ்ஸாக இருக்கட்டும்.

எந்த வகை வாங்கினாலும், அவசரத்துக்குக் கூடவே சாதாரண யூஎஸ்பி வயர் கீபோர்டு ஒன்றும் வாங்கிவிடுங்கள். இருப்பதிலேயே விலை குறைந்தது போதும். சிஸ்டத்துக்குக் கொட்டும் பணத்தில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

அசெம்பிள் செய்யும்போது

மதர்போர்டிலேயே வைஃபை இருந்தால், பெட்டியில் ஒரு ஆன்டெனா வந்திருக்கும். வைஃபை வேண்டாம், லேன் கேபிள் போடப் போகிறேன் என்று பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். ப்ளூடூத்துக்கும் அதே ஆன்டெனாதான். அதை மாட்டாவிட்டால் கேபினெட்டின் இரும்புத் தகடு சிக்னலை விழுங்கிவிடும். ப்ளூடூத் மவுஸ் ஓர் அடி தள்ளி வைத்தாலே திக்கித் திக்கி நகரும். பின்பக்கப் பித்தளை முனைகள் இரண்டிலும் ஆன்டெனாவைக் கையாலேயே திருகி மாட்டுங்கள். ஸ்பேனர் வேண்டாம்.

தனியாக ஒரு வைஃபை கார்டு வாங்கி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கார்டில் வைஃபை மட்டும்தான் ஸ்லாட் வழியாகப் பேசுகிறது. ப்ளூடூத் பேசுவது யூஎஸ்பி வழியாக. அதற்காகவே கார்டோடு ஒரு மெல்லிய கேபிள் தந்திருப்பார்கள். அதன் மறுமுனையை மதர்போர்டின் கீழ் ஓரத்தில் இருக்கும் ஒன்பது பின் யூஎஸ்பி 2.0 ஹெடரில் (கேபிள் மாட்டும் பின் வரிசை) சொருக வேண்டும். இதை மறந்தால் வைஃபை ஜோராக ஓடும், ப்ளூடூத் மட்டும் டிவைஸ் மேனேஜரில் எட்டிக்கூடப் பார்க்காது. கேபினெட்டை மூடிய பிறகு திரும்பக் கழற்றுவதற்குப் பதில் இப்போதே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

டாங்கிளை எங்கே சொருகுவது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. பின்பக்கம் மதர்போர்டில் நேரடியாக இருக்கும் கறுப்பு நிற யூஎஸ்பி 2.0 போர்ட்டில் சொருகுங்கள். பல போர்டுகளில் அந்த இடத்துக்கு மேலே கீபோர்டு படமே போட்டிருக்கும். முன்பக்க போர்ட் வேண்டாம் என்பதற்குக் காரணம் எளிது: அதன் கேபிள் உள்ளே ஹெடரில் சரியாக உட்காராமல் இருந்தால் அந்த போர்ட் செத்துக் கிடக்கும், நீங்களோ கீபோர்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டைத் தவிர்ப்பதற்கும் காரணம் உண்டு. யூஎஸ்பி 3.0-இல் டேட்டா ஓடும் வேகத்தில் எழும் மின் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் வந்து விழுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் விளக்கமாக எழுதி வெளியிட்டது. பக்கத்து நீல போர்ட்டில் பென்டிரைவிலிருந்து விண்டோஸ் காப்பி ஆகும் நேரத்தில் மவுஸ் தாவித் தாவிப் போனால் அதற்கு இதுதான் காரணம்.

கேபினெட் மேசைக்கு அடியிலும் நீங்கள் மேலேயும் என்றால், டாங்கிளுக்கும் கைக்கும் நடுவே இரும்புக் கேபினெட்டும் மேசைப் பலகையும் நிற்கின்றன. ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மானிட்டர் அடிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இதற்கு இணையான வைத்தியம் வேறு எதுவும் இல்லை.

முதல் பூட்

செல் போட்டு, கீபோர்டு, மவுஸ் இரண்டின் ஸ்விட்சையும் ஆன் செய்துவிட்டு, டாங்கிளைச் சொருகிய பிறகு பவர் பட்டனை அழுத்துங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் மானிட்டர் கேபிள் அதில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

டிடிஆர்5 ரேம் போட்ட போர்டு முதல் தடவை உயிர் பெறும்போது ரேமைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். திரை கறுப்பாகவே சில நிமிடங்கள் நிற்கும். ரேம் அதிகம் இருந்தால் பத்து நிமிடம்கூட ஆகலாம். அந்த நேரத்தில் கீபோர்டு எடுக்கவில்லையே என்று டாங்கிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகாதீர்கள், பவரையும் அணைக்காதீர்கள். டீ குடித்துவிட்டு வாருங்கள்.

வயர் கீபோர்டு காலத்தில், கீபோர்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க கேப்ஸ் லாக்கைத் தட்டி விளக்கு எரிகிறதா என்று பார்ப்போம். வயர்லெஸ்ஸில் அந்தச் சோதனை எடுபடாது. செல்லை மிச்சம் பிடிக்க பல மாடல்களில் அந்த விளக்கையே வைப்பதில்லை. மவுஸுக்கு அடியில் சிவப்பு ஒளி தெரிவதையும் நம்ப வேண்டாம். செல்லில் உயிர் இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி, டாங்கிளோடு பேசுகிறதா என்பதற்கு அல்ல. பயாஸ் திரையில் அம்புக்குறி நகர்வதுதான் சரியான சாட்சி.

பயாஸுக்குள் போக டெலீட் கீயை ஒரு முறை அழுத்திவிட்டு நிற்காமல், பவர் போட்ட உடனேயே தட்டிக்கொண்டே இருங்கள். வயர்லெஸ் கீபோர்டு சும்மா இருந்தால் தூங்கிவிடும். முதல் தட்டல் அதை எழுப்புவதிலேயே போய்விடும். அசூஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் நான்கிலும் டெலீட் கீதான். புது டிஸ்கில் ஓஎஸ் எதுவும் இல்லாததால் பல போர்டுகள் நாம் கேட்காமலேயே பயாஸில் வந்து நிற்கும், அதுவும் நல்லதுதான். புது பிராசசரைப் பார்த்ததும் சில போர்டுகள் எஃப்1 அழுத்தச் சொல்லும். ஏஎம்டி போர்டுகளில் டிபிஎம்மை (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் பகுதி) புதுப்பிக்கவா என்று ஒய் (Y) அல்லது என் (N) கேட்டு நிற்கும். கீழக்கரைப் பையன் நின்றது அங்கேதான். புதுப் பிராசசர், புது டிஸ்க் என்றால் ஒய் அழுத்துங்கள்.

எஃப் கீகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல வயர்லெஸ் கீபோர்டுகளில் மேல் வரிசை நேரடியாக அழுத்தினால் சத்தம் கூட்டும், குறைக்கும், பாட்டை நிறுத்தும். நிஜமான எஃப்10, எஃப்12 வேண்டுமானால் கூடவே எஃப்என் கீயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பயாஸில் எல்லாம் மாற்றிவிட்டு எஃப்10 அழுத்தியும் சேமிக்கவில்லை என்று தவிப்பவர்கள் எஃப்என் சேர்த்து அழுத்திப் பாருங்கள். டெலீட் கீயே இல்லாத குட்டிக் கீபோர்டாக இருந்தால் எஃப்என்னோடு பேக்ஸ்பேஸ் சேர்ப்பது போல ஏதாவது ஒரு கூட்டு இருக்கும், அல்லது எஃப்2 அழுத்திப் பாருங்கள்.

பயாஸில் மாற்ற வேண்டியவை

உள்ளே போனதும் பூட் பகுதியில் ‘ஃபாஸ்ட் பூட்’ என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள், குறைந்தது எல்லா வேலையும் முடியும் வரை. வேகத்துக்காக அது யூஎஸ்பி கருவிகளைத் தேடும் வேலையைக் குறைத்துவிடும். ‘அல்ட்ரா ஃபாஸ்ட்’ என்று போட்டுவிட்டால் அடுத்த முறை டெலீட் கீயைத் தட்டித் தட்டி விரல்தான் வலிக்கும். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் விண்டோஸில் ஷிப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட் வழியாக யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸுக்குப் போகலாம். விண்டோஸ் இன்னும் ஏறவில்லை என்றால் போர்டில் இருக்கும் கிளியர் சிமாஸ் பின்களைத் தொடுத்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியதுதான்.

அடுத்து ‘லெகசி யூஎஸ்பி சப்போர்ட்’ ஆன் ஆக இருக்கிறதா, ‘எக்ஸ்எச்சிஐ ஹேண்ட் ஆஃப்’ என்று ஒன்று இருந்தால் அதுவும் ஆன் ஆக இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவாக ஆன் ஆகத்தான் வரும். பயாஸில் மவுஸ் கொஞ்சம் கனமாக நகர்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அங்கே அது அப்படித்தான்.

பயாஸ் அப்டேட் செய்வதாக இருந்தால் வயர்லெஸ் கீபோர்டால் ஆபத்து இல்லை. தொடங்கிவிட்டால் அது தானே ஓடி முடியும், நடுவில் செல் தீர்ந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆபத்து கரண்டில் இருக்கிறது. கச்சான் காற்று சுழற்றி அடிக்கிற மாதங்களிலும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும் நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. யூபிஎஸ் இல்லாமல் பயாஸ் அப்டேட்டில் கை வைக்காதீர்கள்.

ஓஎஸ் போடுவது

பென்டிரைவைச் சொருகி பூட் மெனுவைக் கூப்பிடுங்கள். அசூஸுக்கு எஃப்8, ஜிகாபைட்டுக்கு எஃப்12, எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் இரண்டுக்கும் எஃப்11. பென்டிரைவ் நீல போர்ட்டில் இருக்கட்டும், டாங்கிள் அதிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

விண்டோஸ் 10, 11 இரண்டின் இன்ஸ்டால் திரையிலும் டாங்கிள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வேலை செய்யும். ப்ளூடூத் அங்கேயும் கிடையாது. பயாஸில் நன்றாக ஓடிய கீபோர்டு இன்ஸ்டால் திரையில் நின்றுவிட்டால் டாங்கிளை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். பழைய பழக்கத்தில் விண்டோஸ் 7 போடுகிறவர்கள் இதில் கட்டாயம் மாட்டுவார்கள், அதில் யூஎஸ்பி 3.0-க்கான டிரைவரே கிடையாது.

மவுஸ் மட்டும் வேலை செய்கிறது, கீபோர்டு இல்லை என்ற நிலைமையா? ஃபைல் காப்பி ஆகி முடிந்து, நாடு, மொழி கேட்கும் திரை வந்ததும் மூலையில் அக்சஸிபிலிட்டி ஐகான் இருக்கும். அதில் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு எடுத்து மவுஸாலேயே தட்டிவிடலாம். பெயர், பாஸ்வேர்டு அளவுக்கு அது போதும்.

விண்டோஸ் 11 அந்த நேரத்தில் இணையம் கேட்கும். புது போர்டின் வைஃபை, லேன் டிரைவர் விண்டோஸிடம் இல்லாமல் போவது சகஜம். ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால் தனி டிரைவர் இல்லாமலே இணையம் வந்துவிடும். அதோடு, மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து சிப்செட், லேன், வைஃபை, ப்ளூடூத் டிரைவர் நான்கையும் முன்கூட்டியே ஒரு பென்டிரைவில் இறக்கி வைத்துவிடுவது நல்லது. சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஆடுகிற கடலோர ஊர்களில் அந்த நேரத்துக்கு டவுன்லோடு செய்ய உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

லினக்ஸ் போடுகிறவர்களுக்கும் டாங்கிள் நேராக எடுக்கும். லைவ் டெஸ்க்டாப் வந்த பிறகு மவுஸ் உதவியோடு ப்ளூடூத் கீபோர்டையும் ஜோடி சேர்க்கலாம். ஆனால் பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவுக்கும், டிஸ்க் என்கிரிப்ஷன் பாஸ்வேர்டு கேட்கும் திரைக்கும் அது தெரியாது. லாஜிடெக் டாங்கிள்களில் ஜோடி சேர்க்க, செல் அளவு பார்க்க, லினக்ஸில் சோலார் (Solaar) என்ற மென்பொருள் நன்றாக இருக்கிறது.

கையில் எதுவுமே எடுக்காமல் போனால் கடைசி வழி, பழைய வட்ட முனை பிஎஸ்2 கீபோர்டு. இன்றைய பல போர்டுகளிலும் பின்னால் அந்த ஊதா அல்லது பாதி ஊதா, பாதி பச்சை ஓட்டை இருக்கிறது. பவரை முழுதாக அணைத்த பிறகே அதைச் சொருகுங்கள். ஓடும்போது சொருகினால் எடுக்காது, போர்டுக்கும் நல்லதல்ல.

ப்ளூடூத்துக்கு மாறுவது

ஓஎஸ் ஏறிவிட்டது. முதலில் சிப்செட் டிரைவர், அப்புறம் வைஃபை, அப்புறம் ப்ளூடூத். கடைசி இரண்டும் தனித்தனி டிரைவர்கள். வைஃபை ஓடுகிறது என்பதால் ப்ளூடூத்தும் ஏறிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

செட்டிங்ஸில் ப்ளூடூத் பகுதிக்குப் போய் ‘ஆட் டிவைஸ்’ கொடுங்கள். கீபோர்டில் ஜோடி சேர்க்கும் பட்டனை விளக்கு வேகமாக மினுக்கும் வரை அழுத்திப் பிடியுங்கள். திரையில் ஓர் எண் வந்தால் அதை அந்தப் புதுக் கீபோர்டிலேயே தட்டி, எண்டரும் தட்ட வேண்டும். இந்த எண்டரை விட்டுவிட்டு, ஜோடி சேரவில்லை என்று பலர் திரும்பத் திரும்ப முயல்கிறார்கள். 1, 2, 3 என்று மூன்று கருவிகளுக்கு மாற்றும் கீகள் இருந்தால் 1-இல் சிஸ்டம், 2-இல் போன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரே சிஸ்டத்தில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு ப்ளூடூத் ஒவ்வொரு தடவையும் அறுந்து போவதாகத் தோன்றும். ஜோடி எண் ஒவ்வொரு ஓஎஸ்ஸிலும் தனித்தனியாக இருப்பதால், இங்கே சேர்த்தால் அங்கே போய்விடுகிறது. இவர்களுக்கு டாங்கிள்தான் நிம்மதி. ப்ளூடூத் ஹெட்செட் வாங்குகிறவர்கள், மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் பாட்டுத் தரம் பழைய டெலிபோன் மாதிரி இறங்குவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். ஆன்லைன் வகுப்புக்கு வயர் மைக் வைத்துக்கொள்வதே நல்லது.

ப்ளூடூத்துக்கு முழுசாக மாறிய பிறகும் டாங்கிளையோ வயர் கீபோர்டையோ தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தால் பல சிஸ்டங்களில் டிஸ்க் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடும். ஒரு நாள் பயாஸில் ஏதாவது மாற்றினால், அடுத்த பூட்டில் நீலத் திரை வந்து 48 இலக்க ரிகவரி எண்ணைக் கேட்கும். அந்தத் திரை ப்ளூடூத் கீபோர்டை எடுக்காது.

மவுஸ் திக்கினால்

எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டாயிற்று, செல்லும் புதுசு, இன்னும் திக்குகிறதா? வைஃபை ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டு டாங்கிளுக்கு ஓர் அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தால் இரண்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். சிஸ்டத்தையும் போனையும் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் பாதிச் சண்டை தீரும். ரவுட்டரில் 2.4 கட்டாயம் வேண்டுமென்றால் சேனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை வைத்துப் பாருங்கள். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் திக்குகிறது என்றால் அதுவும் இதே அலைவரிசைத் தகராறுதான்.

தூங்கும் சிஸ்டத்தைக் கீபோர்டைத் தட்டி எழுப்ப முடியவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் கீபோர்டின் பவர் மேனேஜ்மெண்ட் பகுதிக்குப் போய், கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதிக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். கண்ணாடி மேசையில் மவுஸ் ஓடவில்லை என்றால் கீழே ஒரு பேடு போடுங்கள்.

உப்புக்காற்று

வெளியூர் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது, நமக்கு இதுதான் முக்கியம். கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்பு எல்லா உலோகத்தின் மேலும் படிகிறது. உப்பு தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரப்படலத்தில்தான் துருவும் பச்சைக் களிம்பும் பிடிக்கின்றன. பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் சைக்கிள் செயினுக்கு என்ன ஆகிறதோ அதேதான் செல் முனை ஸ்பிரிங்குக்கும் யூஎஸ்பி போர்ட்டுக்கும் ஆகிறது. வாடைக் காலத்து ஈரத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

அதனால் புதுக் காம்போவோடு இலவசமாக வந்த செல்லைச் சிஸ்டம் தயாரானதும் மாற்றிவிடுங்கள். அவற்றில் பல சாதாரண ஜிங்க் கார்பன் வகை, தீர்ந்த பிறகு ஒழுகும். நல்ல அல்கலைன் செல் போடலாம். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் போட்டால் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்தான் தரும். பெரும்பாலான கீபோர்டு, மவுஸுக்கு அது போதும், செல் அளவு காட்டும் விளக்கு மட்டும் சீக்கிரமே எச்சரிக்கும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது செல்லைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

அல்கலைன் செல் ஒழுகி ஸ்பிரிங்கில் வெள்ளைப் பூ பூத்திருந்தால், காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடையுங்கள். ஒழுகியது காரம் என்பதால் புளிப்பு அதை அடக்கும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு இன்னொரு தரம் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு புதுச் செல் போடுங்கள். டாங்கிளின் உலோக முனையில் மங்கலாகப் படிந்தாலும் அதே ஆல்கஹால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். மேல்பூச்சு போய்விட்டால் அப்புறம் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

கேபினெட்டைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். பயன்படுத்தாத யூஎஸ்பி போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள், ஆன்லைனில் ஒரு பாக்கெட்டாகக் கிடைக்கிறது. கருவாடு, இறால் கணக்கு எழுதும் கம்பெனி மேசைகளில் உப்புக் கையோடு தட்டுவது வழக்கம். அங்கே கீபோர்டுக்கு மேல் சிலிகான் உறை ஒன்று போட்டு, வாரம் ஒரு முறை அதைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவிக் காய வைத்தால் போதும்.

முதல் நாளுக்கு வாங்கிய அந்த வயர் கீபோர்டை, ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி அலமாரியில் வையுங்கள். டாங்கிளை எப்போதாவது கழற்றினால் அதையும் மவுஸுக்குள் இருக்கும் அதன் குழியிலேயே போட்டு வையுங்கள்.